கொதித்தும் சிதையாத கஷாயம்: காங்கோவின் கலாத்தா-கலாத்தா

பிரசவ அறையில் வேலை பார்த்தவர்கள் வலியைக் கணக்கு வைத்துத்தான் பேசுவார்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது, ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் வயிறு இளகுகிறதா என்று பார்ப்பார்கள். அந்த இளக்கம் ரொம்ப முக்கியம். கருப்பை இறுகியிருக்கும் நேரத்தில் நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் குறைந்துவிடும். அது தளரும்போதுதான் குழந்தைக்கு ஆக்சிஜன் வந்து சேரும். வலி விடாமல் இழுத்துப் பிடித்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

1960-களில் காங்கோவின் லுலுவாபூர் நகரத்தில் (இன்றைக்கு அதன் பெயர் கனாங்கா) நார்வே நாட்டு மருத்துவர் லோரன்ட்ஸ் கிரான் கவனித்தது இப்படிப்பட்ட வலியைத்தான். செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவிப் பணிக்காகப் போனவர் அவர். அங்கே பிரசவத்துக்கு வந்த பெண்களில் சிலருக்குக் கருப்பை அசாதாரண வலுவோடு சுருங்கியது. சில பேருக்கு அவசரமாக வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்க வேண்டியிருந்தது. விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. பிரசவத்தைச் சீக்கிரம் முடிக்க அந்தப் பெண்கள் ஒரு செடியைக் கொதிக்கவைத்துக் குடித்திருந்தார்கள். செடியின் பெயர் கலாத்தா-கலாத்தா.

"நாட்டு மருந்து குடித்துக் கெடுத்துக்கொண்டார்கள்" என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கிரான் அப்படிப் போகவில்லை. இவ்வளவு கடுமையாக வேலை செய்கிறதென்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று யோசித்தார். செடியை நார்வேக்குக் கொண்டுபோனார். இந்தக் கட்டுரைக்கு நான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணமே அந்த யோசனைதான். அந்தப் பெண்களின் பழக்கத்துக்குள்ளேயே முழுத் தடயமும் இருந்தது. கொதிக்கவைத்தார்கள், குடித்தார்கள், வேலை செய்தது. அந்த மருந்து புரத வகையாக இருந்தால் இந்த மூன்றும் சேர்ந்து நடக்கக்கூடாது என்றுதான் அன்றைய வேதியியல் சொல்லியிருக்கும்.

அந்தக் காலம், அந்த ஊர்

பெல்ஜியத்தின் பிடியிலிருந்து காங்கோ விடுதலை பெற்றது 1960 ஜூன் 30. சில வாரங்களுக்குள் நாடு கலவரத்தில் சிக்கியது. பெல்ஜிய மருத்துவர்களில் பெரும்பாலோர் கிளம்பிப் போய்விட்டார்கள். மருத்துவப் பட்டம் பெற்ற காங்கோக்காரர் ஒருவர்கூட அன்றைக்கு இல்லை. பல பத்தாண்டு காலனி ஆட்சியில் மருத்துவ உதவியாளர்களைப் பயிற்றுவித்தார்களே தவிர, மருத்துவர்களை உருவாக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் உலக சுகாதார நிறுவனமும் பல நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கங்களும் ஆட்களை அனுப்பின.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் கலாத்தா-கலாத்தாவின் இடம் புரியும். மருத்துவமனை தூரத்தில் இருக்கிறது, மருத்துவர் இருப்பாரா என்பது நிச்சயமில்லை, வலி வந்து மணிக்கணக்காகியும் குழந்தை இறங்கவில்லை. அந்த நிலையில் கைக்கு எட்டும் ஒரே உதவி அடுப்பில் கொதிக்கும் அந்தப் பானைதான். நம் ஊரிலும் வலி எடுத்தவுடன் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். சூட்டு வலியானால் அடங்கிவிடும், பிரசவ வலியானால் கூடும் என்பது பாட்டிமார் கணக்கு. மருத்துவமனைக்குக் கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அவர்களுக்கு அது ஒரு சோதனை. காங்கோப் பெண்களுக்குக் கிடைத்த செடி சீரகத்தைவிடப் பல மடங்கு வலுவானது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தாவரவியலில் அதன் பெயர் ஓல்டன்லாண்டியா அஃபினிஸ். காப்பிச் செடியின் குடும்பம். நம் நுணாவும் இட்லிப் பூவும் அதே குடும்பம்தான். ஓல்டன்லாண்டியா என்ற பேரினம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ரத்த வாந்திக்கும் இருமலுக்கும் சித்த மருத்துவர்கள் கொடுக்கிற இம்பூறல் அந்த இனம்தான். சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பு ஏற்றிய சாயவேர் என்பதும் அதே இம்பூறலின் வேர். இப்படிச் சொன்னவுடன், அப்படியானால் இம்பூறலும் கருப்பையைச் சுருக்குமா என்று யாராவது கேட்கக்கூடும். உறவு இருப்பதால் குணமும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு செடியையும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்.

ஏன் நம்ப முடியாததாக இருந்தது?

கருப்பையைச் சுருக்கும் பொருள் என்றால் மருத்துவத்தில் முதலில் நினைவுக்கு வருவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருக்குகிறது என்று ஹென்றி டேல் 1906-இல் காட்டினார். ஆக்சிடோசின் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சின்னஞ்சிறு பெப்டைடு (புரதத்தைப் போன்ற, ஆனால் குட்டையான சங்கிலி) என்று வின்சென்ட் டு வின்யோ 1953-இல் கண்டுபிடித்து, ஆய்வுக்கூடத்திலேயே அதைச் செய்தும் காட்டினார். 1955-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக்சிடோசினை யாரும் குடிக்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. குடித்தால் வயிற்றுக்குள்ளேயே செரித்துவிடும். இன்சுலினை மாத்திரையாக விழுங்க முடியாமல் ஊசியாகப் போடுவதும் இதனால்தான். புரதமும் பெப்டைடும் வயிற்றுக்கு உணவு. பருப்பு, முட்டை மாதிரி அதையும் வெட்டிப் பிரித்துவிடும். சூடும் புரதத்துக்கு ஆகாது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்நீரில் கட்டியாவதை தினமும் பார்க்கிறோம். புரதத்தின் உருவம் குலைந்தால் அதன் வேலையும் போய்விடும்.

கலாத்தா-கலாத்தாவிலிருந்து கிரான் பிரித்தெடுத்த பொருளோ ஒரு பெப்டைடு. எலி, முயல் ஆகியவற்றின் கருப்பைத் தசையில் வைத்துப் பார்த்தபோது தசை சுருங்கியது. பானையில் கொதித்தும் குலையாமல், வயிற்றிலும் செரிக்காமல் வந்து வேலை செய்த பெப்டைடு!

1970-களின் தொடக்கத்தில் கிரானும் நார்வே உயிர்வேதியியலாளர் க்னுட் ஸ்லெட்டனும் அதன் அமினோ அமில வரிசையைப் படிக்க முயன்றார்கள். அன்றைய வழக்கமான முறை என்னவென்றால், சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது. தொடுத்த பூச்சரத்தின் நுனியைப் பிடித்து ஒவ்வொரு பூவாக உருவுவது மாதிரி. கலாத்தா பி1 என்று அவர்கள் பெயர் வைத்த அந்தப் பெப்டைடில் நுனியே அகப்படவில்லை. 1973-இல் அதன் பண்புகளில் சிலவற்றை வெளியிட்டார்கள். முழு விடை வர இன்னும் இருபத்திரண்டு ஆண்டு ஆயிற்று.

நுனி இல்லாத சரம்

1995-இல், மூலக்கூறின் வடிவத்தைக் காட்டும் அணுக்காந்த ஒத்திசைவு முறையில் கலாத்தா பி1-இன் முழு உருவம் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் டேவிட் கிரெய்க், நார்வேயின் ஓலாவ் சேத்தர், பழைய ஸ்லெட்டன் என்று பலரும் சேர்ந்து செய்த வேலை அது. நுனி அகப்படாத காரணம் எளிமையானது: நுனி கிடையாது. 29 அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்து, முதலும் கடைசியும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன.

கையால் செய்து பார்த்தால் இது நன்றாகப் புரியும். 29 மணிகளை ஒரு நூலில் கோத்து, இரு நுனிகளையும் முடிந்து ஒரு வளையலாக்குங்கள். அதில் ஆறு மணிகள் சிஸ்டீன். அவற்றில் கந்தகம் இருக்கும். அந்த ஆறையும் இரண்டிரண்டாக இணைத்தால் மூன்று பாலங்கள் கிடைக்கும். இரண்டு பாலங்களும் அவற்றுக்கு இடையிலான நூலும் சேர்ந்து ஒரு சிறு கண்ணியாகும். மூன்றாவது பாலத்தை அந்தக் கண்ணிக்குள் நுழைத்து மறுபக்கம் கட்டுங்கள். இப்போது வளையலைப் பிரிக்கப் பாருங்கள். எந்தப் பக்கம் இழுத்தாலும் முடிச்சு இன்னும் இறுகும்.

செரிமான நொதிகளில் ஒரு பகுதி சங்கிலியின் நுனியிலிருந்து கடித்துக்கொண்டு வரும். இங்கே கடிக்க நுனி இல்லை. மற்ற நொதிகள் நடுவில் வெட்டும். இங்கே உள்ளே கத்தி நுழைய இடமில்லை. கொதிநீரும் அதைக் குலைக்க முடிவதில்லை. பானையில் வைத்துக் காய்ச்சிய பெண்கள் இந்தப் பெப்டைடைச் சூடு தாங்குமா என்று தினந்தோறும் சோதித்துக்கொண்டிருந்தார்கள் என்றே சொல்லலாம். வெப்பம் தாங்காத எதுவும் அந்தக் கஷாயத்தில் மிஞ்சியிருக்க முடியாது.

1999-இல் இந்த வகைப் பெப்டைடுகளுக்கு சைக்ளோடைடுகள் என்று பொதுப்பெயர் வைத்தார்கள். அதற்குள் வேறு செடிகளிலும் இவை தென்பட்டிருந்தன. பிறகு நூற்றுக்கணக்கில் கிடைத்தன. நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறவை இரண்டு: சித்த மருந்துக் கடைகளில் விற்கும் ஓரிதழ்த் தாமரையிலும், வேலியில் படரும் சங்குப்பூவிலும் சைக்ளோடைடுகள் உள்ளன.

சங்குப்பூவின் கதை இங்கே கொஞ்சம் விலகிப்போகிறது என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. செடி இந்த வளையத்தின் நுனிகளை எப்படி ஒட்டுகிறது என்பது நெடுநாள் கேள்வி. அந்த வேலையை வெகு வேகமாகச் செய்யும் ஒரு நொதியைச் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சங்குப்பூச் செடியிலிருந்து பிரித்தெடுத்து 2014-இல் வெளியிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் பியூட்டலேஸ். மலாய் மொழியில் சங்குப்பூவுக்கு பூங்கா தெலாங் என்று பெயர். அதிலிருந்து பிறந்த சொல் அது. மலேசியாவில் நீலச் சோறு சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பூவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

செடி இதை யாருக்காகச் செய்தது?

ஓல்டன்லாண்டியாவுக்கு மனிதர்களின் பிரசவத்தைப் பற்றிய கவலை இருந்திருக்க முடியாது. 2001-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கலாத்தா பி1-ஐ உணவில் கலந்து காய்ப்புழு இனம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். புழு வளரவில்லை. அடுத்து வந்த ஆய்வுகளில் புழுவின் குடலைப் பார்த்தபோது, குடலின் உட்சுவர் செல்கள் வீங்கி வெடித்திருந்தன. சைக்ளோடைடு செல் சவ்வில் ஒட்டி அதைக் குலைத்துவிடுகிறது. இலையைத் தின்ன வருகிறவனுக்குச் செடி வைத்த காவல் அது. இந்தக் குணத்தை வைத்தே சங்குப்பூச் சாற்றிலிருந்து ஒரு பூச்சிக்கொல்லியைச் செய்து ஆஸ்திரேலியாவில் விற்கிறார்கள்.

இதே குணம்தான் மருந்தாக்குவதில் இடைஞ்சலும். செல் சவ்வைக் குலைக்கும் பொருள் சிவப்பணுவையும் உடைக்கும். கலாத்தா பி1 உடைக்கவும் செய்கிறது. விலங்குகளின் ரத்தக்குழாயில் நேராக ஏற்றியபோது இதயம் பாதிக்கப்பட்டதைக் கிரானே கண்டார். வாய்வழியாகக் குடிக்கும்போது குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். கஷாயம் குடித்த பெண்களை ஒருவேளை அதுதான் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, சவ்வைக் குலைப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கருப்பை ஏன் சுருங்குகிறது? இதற்கு 2013-இல் வியன்னாவிலிருந்து ஒரு விடை வந்தது. கிறிஸ்டியன் குரூபரின் குழு அதே செடியில் இருக்கும் கலாத்தா பி7 என்ற இன்னொரு சைக்ளோடைடை எடுத்துப் பார்த்தது. மனிதக் கருப்பைத் தசைச் செல்களில் ஆக்சிடோசின் போய் உட்காரும் அதே ஏற்பியில் இதுவும் போய் உட்கார்ந்தது. ஆக்சிடோசினைவிட வலு மிகக் குறைவு, ஆனால் இடம் அதேதான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆக்சிடோசினின் வளையம் ஆறு அமினோ அமிலங்கள்: சிஸ்டீன், டைரோசின், ஐசோலூசின், குளூட்டமின், அஸ்பராஜின், சிஸ்டீன். கலாத்தா பி7-இன் ஒரு துண்டு: சிஸ்டீன், டைரோசின், த்ரியோனின், குளூட்டமின், கிளைசின், சிஸ்டீன். ஆறில் நான்கு அதே இடத்தில் அப்படியே இருக்கின்றன. ஒரு தாயின் மூளையில் உருவாகும் ஹார்மோனும், ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒரு சிறு செடி புழுவுக்காகச் செய்த விஷமும் ஆறு எழுத்தில் இவ்வளவு நெருங்கி வந்திருக்கின்றன.

அபாயத்தைப் பற்றி

இந்தக் கஷாயத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது லுலுவாபூரில் கத்திக்குக் கீழே படுத்த பெண்களுக்குச் செய்யும் அநியாயம். இதே வழியை ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஏற்கெனவே நடந்து பார்த்திருந்தன. கோதுமைக்கு உறவான தானியமான ரையில் வளரும் எர்காட் பூஞ்சையை ஐரோப்பிய மருத்துவச்சிகள் வலியைக் கூட்டக் கொடுத்து வந்தார்கள். 1808-இல் நியூயார்க் மாநில மருத்துவர் ஜான் ஸ்டெர்ன்ஸ் அதைப் பற்றி எழுதியதும் மருத்துவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பிரசவப் பொடி என்று அதற்குப் பெயர். கருப்பை கிழிந்ததும் குழந்தைகள் இறந்து பிறந்ததும் மேலே மேலே சேர, 1824-இல் டேவிட் ஹோசக் அதை மரணப் பொடி என்று அழைத்தார். பிரசவத்துக்கு முன்பு கொடுப்பது மெல்ல மெல்ல நின்றது. குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கை நிறுத்த மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1935-இல் அதிலிருந்து எர்கோமெட்ரின் தனியாகப் பிரிந்து வந்தது. இன்றும் அது பிரசவ அறையில் இருக்கிறது.

எர்காட்டுக்கும் கலாத்தா-கலாத்தாவுக்கும் கோளாறு ஒன்றுதான். பானையில் போட்ட இலை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, செடி எந்தப் பருவத்தில் பறித்தது என்பதைப் பொறுத்து வீரியம் மாறும். ஆக்சிடோசினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும்போது வலி மிதமிஞ்சினால் உடனே நிறுத்திவிடலாம். சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து அது குறைந்துவிடும். குடித்த கஷாயத்தை நிறுத்த முடியாது. சிதையாத மருந்து என்பது அந்த நேரத்தில் பெரிய ஆபத்து. சங்குப்பூவிலும் சைக்ளோடைடு இருக்கிறது என்று படித்துவிட்டுக் கர்ப்பிணி யாருக்கும் எதையும் காய்ச்சிக் கொடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் சிதையாமை எவ்வளவு பெரிய வரம் என்பதும் இதே பிரசவ அறையில்தான் தெரியும். குழந்தை பிறந்தபின் ரத்தம் நிற்காமல் போவதால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 70,000 பெண்கள் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கணக்குச் சொன்னது. தடுக்கும் மருந்து ஆக்சிடோசின். அதை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் வந்து வந்து போகும் ஊரில், வெயிலில் பெட்டியில் கிடந்த ஆக்சிடோசின் பெயருக்குத்தான் ஆக்சிடோசின். வெப்பம் தாங்கும் கார்பிடோசினைப் பத்து நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் ஆக்சிடோசினோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தப்போக்கைத் தடுப்பதில் அது ஆக்சிடோசினுக்குக் குறைந்ததில்லை. அந்த ஆண்டே உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. கார்பிடோசின் ஆக்சிடோசினை மாற்றியமைத்துச் செய்தது. அதற்கும் காங்கோச் செடிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வெயில் ஊர்ப் பெண்ணுக்குச் சூடு தாங்கும் மருந்து வேண்டும் என்ற தேவையைக் காங்கோப் பெண்கள் தங்கள் பானையில் முன்பே எதிர்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு

கிரான் செடியைக் கொண்டுபோன காலத்தில் பாரம்பரிய அறிவுக்கு உரிமைப் பங்கு என்ற பேச்சே சட்டத்தில் இல்லை. உயிரியற் பன்மை உடன்படிக்கை 1992-இல்தான் வந்தது. பலனைப் பகிர்வதற்கான நகோயா நெறிமுறை 2010-இல் உருவாகி 2014-இல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் செடியைக் கிரானுக்கு அடையாளம் காட்டிய பெண்கள் ஆய்வு உலகத்துக்குக் கொடுத்ததில் அப்படியே நிலைத்திருப்பது அவர்கள் ஊர்ச் சொல்தான். கலாத்தா பி1, கலாத்தா பி2, கலாத்தா பி7 என்று அந்தச் செடியின் பெப்டைடுகள் எல்லாம் அதே பெயரோடு வருகின்றன. அவர்களுக்குச் சேர வேண்டியது இதைவிட அதிகம் என்பதுதான் என் கருத்து.

இப்போது கலாத்தா பி1-ஐ மருந்தாக்கும் முயற்சி பிரசவத்தை விட்டு வேறு திசைக்குப் போயிருக்கிறது. வளையத்தில் 20-ஆவது இடத்தில் இருக்கும் த்ரியோனினை எடுத்துவிட்டு லைசினை வைத்தார்கள். நரம்பு உறையை உடலின் எதிர்ப்பு சக்தியே அரித்துத் தின்னும் நோயைச் சுண்டெலிகளில் உண்டாக்கி, அவற்றுக்கு இந்த மாற்றிய வளையத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் தள்ளிப்போனது, தீவிரமும் குறைந்தது. 2016-இல் வெளிவந்த அந்த ஆய்வில் மருந்தை ஊசியில் ஏற்றவில்லை, வாய்வழியாகத்தான் கொடுத்தார்கள்.